மியூவான் கண்ணில் பிரமிடு

எகிப்தின் கீசா மேட்டில் நிற்கிற பெரிய பிரமிடுக்குள், அதாவது கூஃபு மன்னனின் பிரமிடுக்குள், என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 1837-ல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி கையாண்ட வழி ரொம்ப எளிமையானது: வெடிமருந்து. ராஜா அறைக்கு மேலே உயரம் குறைந்த ஒரு இடுக்கு இருப்பதை 1765-லேயே டேவிசன் என்பவர் கண்டுபிடித்திருந்தார். அந்த இடுக்கின் கூரையில் ஒரு விரிசல். வைஸ் அதில் ஒரு நாணலை விட்டுப் பார்த்தார், அது தடையில்லாமல் உள்ளே போனது. அப்படின்னா மேலேயும் காலி இடம் இருக்கிறது! கல்லை வெடி வைத்துப் பிளந்து மேலே ஏறினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இன்னும் நான்கு அறைகள் கிடைத்தன. தங்கமும் இல்லை, பிணமும் இல்லை. ஆனால் கல் இழுத்த தொழிலாளர்கள் சிவப்பு மையால் எழுதி வைத்த குறிகள் இருந்தன, அவற்றில் கூஃபுவின் பெயரும் இருந்தது.

இந்த பிரமிடு கூஃபுவுடையதுதான் என்பதற்கு இன்றும் காட்டப்படுகிற முக்கியமான சான்றுகளில் அந்தக் குறிகளும் ஒன்று. அதனால் வைஸை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. ஆனால் வெடி வைத்த தழும்பு அப்படியே இருக்கிறது. அவர் பக்கத்தில் இருக்கிற மென்கௌரே பிரமிடையும் குடைந்தார், ஸ்பிங்க்ஸ் முதுகிலும் துளை போட்டார்.

இன்றைக்கு அப்படி யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 1986-ல் ஒரு பிரெஞ்சுக் குழு ஈர்ப்பு விசையில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அளந்து, ராணி அறைக்குப் போகிற நடையில் சந்தேகம் வந்த இடத்தில் சின்னதாகத் துளை போட்டது. வந்தது மணல். துளை போட்டால் துளை போட்ட இடம் மட்டும்தான் தெரியும். நாலு விரற்கடை தள்ளி இருப்பது தெரியாது. சரி, கல்லைத் தொடாமல் மொத்த மலையையும் ஊடுருவிப் பார்க்க வழி உண்டா? எக்ஸ்ரே அரை மீட்டர் பாறையைத் தாண்டவே திணறும். ரேடார் சில மீட்டர் போகும். பிரமிடின் அடிப்பக்கம் 230 மீட்டர். எழுப்பியபோது உயரம் சுமார் 146 மீட்டர். இதற்கெல்லாம் வேறு ஆள் வேண்டும்.

அந்த ஆள் வானத்திலிருந்து வருகிறது.

விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி எந்நேரமும் அதிவேகத் துகள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் புரோட்டான்கள். இவற்றைத்தான் காஸ்மிக் கதிர்கள் என்கிறோம். தரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இவை காற்றின் அணுக்கருக்களில் மோதி உடைக்கும்போது பையான் என்கிற துகள்கள் பிறக்கின்றன. பையான் உடனே சிதைந்து மியூவானாக மாறுகிறது. மியூவான் என்பது எலக்ட்ரானின் அண்ணன் மாதிரி. அதே மின்னூட்டம், ஆனால் எடை சுமார் 207 மடங்கு. 1936-ல் கார்ல் ஆண்டர்சனும் செத் நெட்டர்மேயரும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

மியூவானின் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான். ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அந்த நேரத்துக்குள் 660 மீட்டர்தான் தாண்ட முடியும், 15 கிலோமீட்டர் எப்படி வரும்? ஐன்ஸ்டைன் சொன்ன கால நீட்சிதான் காரணம். வேகமாக ஓடுகிற மியூவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. அதனால் சாவதற்கு முன் தரையைத் தொட்டுவிடுகிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்பது தோராயக் கணக்கு. இதைப் படிக்கிற இந்த நேரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள், நொடிக்கு ஒன்றாவது அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்குள் இருந்தாலும் போகும், கூரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மியூவானின் சிறப்பு என்னவென்றால், அது பாறைக்குள்ளும் போகும், ஆனால் இஷ்டத்துக்குப் போக முடியாது. ஒரு மீட்டர் பாறையைத் தாண்ட சுமார் அரை கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும். தரைக்கு வருகிற மியூவானின் சராசரி ஆற்றல் 4 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஆக சராசரி மியூவான் எட்டு மீட்டரில் களைத்துவிடும். 100 மீட்டர் கல்லைத் தாண்ட வேண்டுமானால் 50 கிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அப்படிப்பட்ட பலசாலிகள் கொஞ்சம்தான் வருகிறார்கள். கல் அதிகமானால் எண்ணிக்கை குறையும், கல் குறைந்தால் எண்ணிக்கை கூடும். முழு வித்தையும் இந்த ஒரு வரிதான்.

கல்யாண வீட்டுக் கீற்றுப் பந்தலுக்குக் கீழே நண்பகலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கீற்று நெருக்கமாக வேய்ந்த இடம் இருட்டாக இருக்கும், ஓலை விலகின இடத்தில் வெளிச்சம் அதிகமாகத் தெரியும். மேலே ஏறிப் பார்க்காமலே எங்கே ஓலை மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பிரமிடுக்குள் கருவியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பதும் அதேதான். வெளிச்சத்துக்குப் பதில் மியூவான். எந்தத் திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் வருகிறதோ, அந்தத் திசையில் எங்கேயோ கல் குறைவு, அதாவது வெற்றிடம். எங்கேயோ என்பதைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. பந்தலில் வேறொரு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடம்தான் ஓட்டை.

பாறை மியூவானை எப்படி வடிகட்டுகிறது என்பதை அளந்து பார்த்ததில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. கோலார் தங்க வயல் தெரியும் அல்லவா? தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய சுரங்கம். டாடா ஆராய்ச்சி நிறுவனத்து இயற்பியலாளர்கள் 1950களிலிருந்து அங்கே கருவிகளோடு இறங்கி, ஆழம் கூடக்கூட மியூவான் எப்படிக் குறைகிறது என்று எண்ணிக்கொண்டே போனார்கள். 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. அந்த வெறுமையைப் பார்த்துத்தான், இங்கே நியூட்ரினோவைத் தேடலாமே என்று தோன்றி, 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் திட்டமிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான் தொல்லை குறையும். நியூட்ரினோ ஆட்களுக்குத் தொல்லை, பிரமிடு ஆட்களுக்கு விளக்கு.

மியூவானை வைத்துப் பாறையின் கனத்தை அளக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் இ. பி. ஜார்ஜ். 1955-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கப் பாதைக்கு மேலே எவ்வளவு பாறை இருக்கிறது என்று அளந்தார். ஆனால் இதை பிரமிடுக்குக் கொண்டுபோன துணிச்சல் லூயிஸ் ஆல்வரெஸுடையது. 1968-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். பிற்பாடு, டைனோசர்களை அழித்தது ஒரு விண்கல் என்று மகன் வால்ட்டரோடு சேர்ந்து சொன்னவரும் இவர்தான்.

அவர் தேர்ந்தெடுத்தது கூஃபுவை அல்ல, மகன் காஃப்ரேயின் பிரமிடை. அவருடைய தர்க்கம் சுவையானது. தாத்தா ஸ்னெஃப்ருவின் பிரமிடில் இரண்டு அறை, அப்பா கூஃபுவினுடையதில் மூன்று அறையும் பிரமாண்டமான நடைக்கூடமும். மகன் மட்டும் அடித்தளத்தில் ஒரே ஒரு அறையோடு நிறுத்திக்கொண்டாரா? மேலே இன்னும் ஏதோ ஒளித்து வைத்திருக்க வேண்டும். எகிப்தின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தாரும் தொல்லியலாளர் அகமது ஃபக்ரியும் சேர்ந்துகொண்டார்கள். 1818-ல் பெல்சோனி திறந்த அந்த ஒற்றை அறைக்குள் தீப்பொறி அறை என்கிற கருவியை இறக்கினார்கள். மியூவான் போகிற வழியில் பொறி பறக்கும், அதை வைத்துப் பாதையைப் பதிவு செய்யலாம். 1967 ஜூனில் ஆறு நாள் போர் வெடித்து வேலை தடைபட்டது. பிறகு தொடர்ந்து, 1970 பிப்ரவரியில் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பிரமிடின் நான்கு விளிம்புகளும், உச்சியில் மட்டும் எஞ்சியிருக்கிற பழைய சுண்ணக்கல் போர்வையும்கூட மியூவான் கணக்கில் தெரிந்தன. ஆனால் பார்த்த பகுதியில், அதாவது பிரமிடின் கனஅளவில் 19 சதவீதத்தில், அறை எதுவும் இல்லை.

‘ஒண்ணும் கிடைக்கலையாமே?’ என்று கேட்பவர்களை ஆல்வரெஸ் திருத்துவாராம்: அறையைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லாதே, அறை இல்லை என்பதைக் கண்டுபிடித்தோம் என்று சொல். எனக்கு இந்தத் திருத்தம் ரொம்பப் பிடிக்கும். இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரம்தான் சும்மா தேடுவதற்கும் அளந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம். முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல, அறை இருந்திருந்தால் என் கருவியில் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று முதலில் நிரூபித்திருக்க வேண்டும்.

அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் கீசாவில் இந்த வழியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2015 அக்டோபரில் கெய்ரோ பல்கலைக்கழகமும் பிரான்ஸின் ஹிப் நிறுவனமும் சேர்ந்து ஸ்கேன்பிரமிட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. முதலில் தாஹ்ஷூரில் உள்ள வளைந்த பிரமிடில் வெள்ளோட்டம். கீழ் அறையில் தகடுகளை வைத்து, ஏற்கெனவே தெரிந்த மேல் அறை மியூவானில் தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தது. அப்புறம்தான் கூஃபு.

இங்கே அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கருவிகளை மூன்று குழுக்கள் கையில் கொடுத்ததுதான். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் ராணி அறையில் நியூக்ளியர் எமல்ஷன் தகடுகளை வைத்தார்கள். (ராணி யாரும் அங்கே புதைக்கப்படவில்லை, பெயர் பின்னால் வந்தது.) இன்னொரு ஜப்பானிய நிறுவனமான கேஇகே, அதே அறையில் துகள் பட்டால் மினுக்குகிற பிளாஸ்டிக் பட்டைகளால் ஆன கருவியை வைத்தது. பிரான்ஸின் சிஇஏ நிறுவனம் வாயு நிரப்பிய தொலைநோக்கிகளை பிரமிடுக்கு வெளியே, வெயிலிலும் மணலிலும், வடக்குப் பக்கமாக நிறுத்தியது.

எமல்ஷன் என்பது பழைய ஃபிலிம் ரோலின் ஒன்றுவிட்ட உறவு. ஜெலட்டினில் வெள்ளி புரோமைடு படிகங்கள். மியூவான் துளைத்துப் போன வழியில் உள்ள படிகங்கள், ஃபிலிமைக் கழுவினதும் கரும்புள்ளிகளாக வரிசைகட்டி நிற்கும். கரண்ட் வேண்டாம், கம்பி வேண்டாம். மூச்சு முட்டுகிற பிரமிடு இடுக்குக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. ஒரே குறை, எந்த நேரத்தில் எது வந்தது என்று சொல்லாது, மொத்தமாகக் கழுவிப் பார்க்க வேண்டியதுதான். இந்த இடத்தில் பீபா சௌத்ரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்கத்தாவில் டி. எம். போஸோடு சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டார்ஜிலிங், சண்டக்ஃபு மலைகளில் புகைப்படத் தகடுகளை வைத்து, அவற்றில் பதிந்த காஸ்மிக் கதிர்த் துகள்களின் எடை எலக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு என்று கணக்கிட்டவர். நல்ல தரமான தகடுகள் போரினால் கிடைக்காமல் வேலை பாதியில் நின்றது. அதே முறையை மேம்பட்ட தகடுகளில் தொடர்ந்த பிரிட்டனின் செசில் பவலுக்கு 1950-ல் நோபல் கிடைத்தது. சௌத்ரி பிற்பாடு கோலார் சுரங்க ஆய்வுகளிலும் இருந்தார்.

கருவியை வைத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருப்பது எதற்கு? இதுதான் பலரும் தாண்டிப் போய்விடுகிற பகுதி, எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். மியூவான்கள் வரிசையில் நின்று வருவதில்லை, மழைத்துளி மாதிரி தாறுமாறாக விழும். ஒரு திசையிலிருந்து 100 வரும் என்று கணக்குப் போட்டால், ஒரு நாள் 92 வரும், ஒரு நாள் 109 வரும். இந்தத் தடுமாற்றத்தின் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100-க்கு 10. ஒரு வெற்றிடத்தால் 5 சதவீதம் மியூவான் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100-ல் கூடுவது 5, தடுமாற்றமோ 10. காது கேட்காத இரைச்சலில் யாரோ கிசுகிசுத்த மாதிரி. அதே திசையில் 10,000 வரும்வரை காத்திருந்தால் தடுமாற்றம் 100, கூடுவது 500. ஐந்து மடங்கு. இப்போது சந்தேகம் இல்லை. துகள் இயற்பியலில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அறிவிக்கக் கேட்கிற தரமும் இந்த ஐந்து சிக்மாதான். கல்லுக்குள் வருகிற மியூவான் குறைவு, அதிலும் சாய்வாக வருவது இன்னும் குறைவு. 10,000 சேர்வதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் இல்லாத அறையெல்லாம் தெரியும்.

மூன்று குழுக்களும் ஐந்து சிக்மாவைத் தாண்டின. 2017 நவம்பர் 2-ம் தேதி நேச்சர் இதழில் முடிவு வந்தது: கிராண்ட் கேலரி என்கிற பெரும் நடைக்கூடத்துக்கு மேலே, குறுக்களவில் ஏறக்குறைய அதைப் போன்ற, குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடம். அந்த நடைக்கூடமே 47 மீட்டர் நீளமும் எட்டரை மீட்டர் உயரமும் கொண்டது. ஆகவே இது சின்ன விஷயம் இல்லை. 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த பிரமிடுக்குள் கண்டறியப்பட்ட முதல் பெரிய உள்ளமைப்பு.

உடனே உலகம் முழுக்க ‘ரகசிய அறை’ என்று தலைப்பு ஓடியது. ஆனால் கட்டுரையில் அறை என்ற சொல்லைத் தவிர்த்து, வெற்றிடம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அது படுக்கையாக இருக்கிறதா சாய்வாக இருக்கிறதா, ஒன்றா அடுத்தடுத்து பலவா, இது எதையும் மியூவான் இன்னும் பிரித்துச் சொல்லவில்லை என்று அவர்களே எழுதினார்கள். எகிப்தின் முன்னாள் தொல்லியல் அமைச்சர் ஸாஹி ஹவாஸ் ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளினார்: பிரமிடு முழுக்கவே இடைவெளிகள்தான், அதனால் உள்ளே ரகசிய அறை இருக்கிறது என்று ஆகாது. இதில் பாதி நியாயம். கூஃபுவின் பிரமிடு செங்கல் சுவர் மாதிரி ஒழுங்காக அடுக்கினது இல்லை, உள்ளே கரடுமுரடான கற்களும் சந்துகளும் உண்டு. ஆனால் அங்கங்கே உள்ள சந்து வேறு, ஒரே இடத்தில் 30 மீட்டருக்கு நீள்கிற காலி வேறு. அது பாரத்தைத் தாங்கக் கட்டியதோ, கட்டுமானத்துக்காக விட்ட பாதையோ, உண்மையிலேயே ஒரு அறையோ, எதுவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் கட்டுமானத் தேவையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ராஜா அறைக்கு மேலே உள்ள ஐந்தடுக்கும் பொதுவாக அப்படித்தான் விளக்கப்படுகிறது. புதையல் இல்லாவிட்டால் என்ன? பிரமிடை எப்படிக் கட்டினார்கள் என்பதைவிடப் பெரிய புதையல் எது?

இந்த முறை பொய் சொல்வதில்லை என்பதற்கு நல்ல சான்று 2023-ல் கிடைத்தது. வடக்கு முகத்தில், பழைய வாசலுக்கு மேலே, கூரை போலச் சாய்த்து நிறுத்திய பெரிய கற்கள் வெளியே தெரியும். அவற்றுக்குப் பின்னால் ஏதோ காலி என்று 2016-லேயே எமல்ஷன் தகடுகள் சொல்லியிருந்தன. பல இடங்களிலிருந்து மறுபடி அளந்து, 9 மீட்டர் நீளம், சுமார் 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று துல்லியமாகக் கணித்தார்கள். ஆழம் குறைவு என்பதால் ரேடாரும் அல்ட்ராசவுண்டும் வைத்துச் சரிபார்க்க முடிந்தது. பிறகு கற்களுக்கு நடுவே ஏற்கெனவே இருந்த இடுக்கு வழியாக 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப் கேமராவை நுழைத்தார்கள், வயிற்றுக்குள் விடுகிற அதே மாதிரி சமாச்சாரம். முக்கோணக் கூரையோடு ஒரு வெற்று நடை தெரிந்தது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்தில் மனிதக் கண் பார்க்காத இடம். ஒரு கல்லையும் உடைக்கவில்லை.

மியூவானால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். அது வானத்திலிருந்து கீழே வருகிறது. ஆகவே கருவிக்கு மேலே இருப்பதைத்தான் காட்டும். கருவிக்குக் கீழே, தரைக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் கீழே கருவியை இறக்க வேண்டும். 2025 மார்ச்சில் காஃப்ரே பிரமிடுக்கு அடியில் 600 மீட்டருக்கும் ஆழமாகப் பிரமாண்டமான தூண்கள் இருப்பதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது மியூவான் வேலை இல்லை. செயற்கைக்கோள் ரேடாரை வைத்து ஒரு இத்தாலியக் குழு சொன்னது. ரேடார் அலை அத்தனை ஆழம் பாறைக்குள் போகாது என்று அந்தத் துறைக்காரர்கள் உடனே மறுத்தார்கள். எந்தக் கருவி, எத்தனை நாள் பார்த்தது, தடுமாற்றம் எவ்வளவு, இன்னொரு குழு தனியாகச் சரிபார்த்ததா என்று கேட்டால் இந்த மாதிரிச் செய்திகள் பாதி அங்கேயே படுத்துவிடும்.

எகிப்துக்கு வெளியேயும் இது பரவிவிட்டது. எரிமலைக்குள், சுனாமியில் சிதைந்த ஃபுகுஷிமா அணு உலைக்குள், மெக்சிகோவின் தியோதிவாகான் சூரிய பிரமிடுக்குள் எல்லாம் மியூவானை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2023-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், ஜனம் நெருக்கியடித்து வாழ்கிற ஒரு பேட்டைக்கு அடியில், பழைய கிரேக்கர்களின் புதைகுழி அறை ஒன்று எமல்ஷன் தகடுகளில் தெரிந்தது. மேலே வீடுகள் இருப்பதால் தோண்ட வழியில்லாத இடம்.

கூஃபுவின் பெரிய வெற்றிடத்துக்கு வாசல் பக்கத்து நடை மாதிரி கேமரா நுழைக்கத் தயாராக ஓர் இடுக்கு கிடையாது. சுற்றிலும் கெட்டியான கல். துளை போடலாமா என்ற பேச்சு 2017-லிருந்தே இருக்கிறது. அதற்கு முன் வடிவமாவது தெளிவாகத் தெரியட்டும் என்று 2022-ல் வேறொரு குழு ஒரு திட்டத்தை முன்வைத்தது. கப்பல் கண்டெய்னர்களுக்குள் பெரிய மியூவான் தொலைநோக்கிகளை ஏற்றி, பிரமிடின் வெளிப்பக்கமாக வைத்து, அடிவாரத்தில் நகர்த்தி நகர்த்திப் படமெடுப்பது. இதுவரை இருந்ததைப் போல 100 மடங்கு நுட்பம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எல்லாக் கோணங்களிலிருந்தும் எடுத்தால், ஆஸ்பத்திரியில் எடுக்கிற சிடி ஸ்கேன் மாதிரி உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் வரைந்துவிடலாம். வெற்றிடம் சாய்வா படுக்கையா, ஒன்றா பலவா என்பது அப்போது தெரிந்துவிடும். அதற்கு மேல் துளை வேண்டுமா என்று முடிவு செய்வது எகிப்துக்காரர்கள் பாடு.